முன்பாரம்

எங்கள் பழைய பிக்கப்புக்கு நாங்கள் வைத்த பெயர் குடிகாரன். காலையில் பாதி டேங்கோடு கிளம்பினால், வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முள் கீழே படுத்துவிடும். போகிற வழியில் ஒருமுறை, வருகிற வழியில் ஒருமுறை டீசல் ஊற்றியாக வேண்டும். பெட்ரோல் பங்க்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். நான் சிரிப்பதில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். பொய். மூக்கு வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் நான் விடுவதில்லை.

நானும் என் தம்பியும் கம்பி வேலி போடுகிறவர்கள். தோட்டம், பள்ளி மைதானம், தொழிற்சாலைச் சுற்று, எதுவாக இருந்தாலும் போடுவோம். பிக்கப்பின் பின்னால் எப்போதும் ஒரு டிரெய்லர் மாட்டியிருக்கும். சுற்றிலும் தகரம் அடைத்து, மேலே கூரை போட்டு, பின்பக்கம் இரட்டைக் கதவு வைத்த டிரெய்லர். கான்கிரீட் கலக்கும் இயந்திரம், குழி தோண்டும் இயந்திரம், கம்பிச் சுருள், தூண்கள், கடப்பாரை, மண்வெட்டி என்று எங்கள் பிழைப்பு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

வண்டி ஓட்டுவது, வேலை பிடிப்பது, வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அக்காவான நான். நேர்கோடு பார்ப்பது தம்பி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் தூண் வரிசையைப் பார்ப்பான். சரியாக இருந்தால், "ம்" என்பான். அவன் "ம்" சொல்லாமல் நாங்கள் ஒரு தூணுக்குக்கூடக் கான்கிரீட் ஊற்றியதில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. நான் நாள் முழுக்கப் பேசுவேன், அவன் நாள் முழுக்கக் கேட்பான். அதில் இரண்டு பேருக்கும் சௌகரியம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, அவன் மனைவி என் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் ஒரு பெரிய குடோனில் கணக்குப் பார்க்கிறவள். சிரித்த முகம், ஆனால் சிரித்துக்கொண்டே கழித்துவிடுவாள்.

"அண்ணி, எங்க குடோன்ல ஒரு சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு. இவருக்குச் சொல்லி வச்சிருக்கேன். அடுத்த மாசம் சேரலாம்னு சொல்லிட்டாங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மேசை விரிப்பில் இருந்த கோடுகள் நேராக ஓடுகின்றனவா என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"எதுக்கு? நல்லாத்தானே போயிட்டிருக்கு தொழில்?"

"தொழில் நல்லாத்தான் போகுது அண்ணி. டீசல் அதைவிட நல்லாப் போகுது. நீங்க ரெண்டு பேரும் வெயில்ல காயறதுல பாதியை அந்த வண்டியே குடிச்சிடுதே."

"அப்போ வண்டியை மாத்திடறேன்."

"மாத்துங்க. டீசல் பாதியாக் குறையட்டும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். குறையலைன்னா இவர் குடோனுக்கு வந்துடட்டும்."

"நீ என்னடா சொல்றே?" என்று தம்பியைக் கேட்டேன்.

"பார்க்கலாம்க்கா," என்றான் விரிப்பைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். ஓட்டிக்கொண்டே அழுவது ஆபத்து என்பதால் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவன் இல்லாமல் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு வேலி போடலாம்தான். கூலிக்கு ஆள் கிடைக்காதா என்ன? ஆனால் யாரோ ஒருவனிடம் போய், இது நேராக இருக்கிறதா என்று நான் எப்படிக் கேட்பேன்? நினைக்க நினைக்க அழுகை முட்டியது. ஒரு வழியாக மூக்கைச் சிந்திவிட்டுப் பார்த்தால், இன்ஜினை அணைக்காமலே அழுதிருக்கிறேன். அதற்கும் சேர்த்துக் குடித்திருந்தான் குடிகாரன்.

மறுநாளே புரோக்கரைப் பிடித்தேன். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். வாயைத் திறந்தால் சத்தியம் செய்வார், அதனால் தொழிலில் இருக்கிற எல்லாரும் அவரைச் சத்தியம் என்றே கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

"கொஞ்சமா குடிக்கணும், நிறைய இழுக்கணும்," என்றேன்.

"அந்த மாதிரி மாப்பிள்ளையே கிடைக்காதுக்கா. வண்டி கிடைக்கும், சத்தியமா," என்றார்.

முதலில் காட்டியது ஒரு சின்ன வெள்ளைப் பிக்கப். கதவைத் திறந்ததும் ரொட்டி வாசனை அடித்தது.

"ரொட்டிக் கம்பெனி வண்டிக்கா. ரொட்டியைத் தவிர வேற எதையும் தூக்கினதில்லை. தண்ணி மாதிரி ஓடும், ஆனா தண்ணி மாதிரி குடிக்காது. சத்தியமா."

நான் இதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து சட்டத்தில் ஒட்டு வேலை ஏதாவது இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எண்ணெய் மூடியைத் திறந்து மோந்தேன். கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டேன். எல்லாம் சுத்தம். பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி புதிதாகப் போட்டிருந்தது. ஒரு பாரமும் இழுத்துக் களைக்காத வண்டி. எனக்கு உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது, ஆனால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன்," என்றேன்.

வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு டிரெய்லரை மாட்டித் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புரோக்கரின் இடத்துக்கு அருகில் ஒரு மேம்பாலம் இருந்தது. தம்பி மனைவியும் வந்திருந்தாள். டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு ஓட்ட வேண்டும், திரும்பி வந்து மறுபடி வாய்வரை நிரப்ப வேண்டும், எவ்வளவு பிடித்தது என்று அவளே நின்று பார்ப்பாள். வாய் வார்த்தையை நம்புவதாக இல்லை அவள்.

டேங்கை நிரப்பி, டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சமதரையில் முனகிக்கொண்டே போனது. மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியதும் முனகல் அழுகையானது. பாதி ஏற்றத்தில் நின்றது. பிறகு மெதுவாக, மிகவும் மரியாதையாக, பின்னால் இறங்க ஆரம்பித்தது. தம்பி குதித்து ஓடி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எங்கள் குடும்பத்தைப் பற்றித் தங்களுக்குத் தோன்றியதை எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். கிளட்ச் கருகிய நாற்றத்தில் ரொட்டி வாசனை போன இடம் தெரியவில்லை.

"இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு தெரியலைக்கா. சத்தியமாத் தெரியலை," என்றார் புரோக்கர். அவர் உண்மையாகவே சத்தியம் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டாவது ஒரு கறுப்புப் பிக்கப். ஏணி வைத்து ஏறுகிற உயரம். பின்னால் டிரெய்லர் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மேம்பாலத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினேன். மனம் குளிர்ந்து போய் பங்க்கில் நிறுத்தினேன். பங்க்காரர் டீசல் ஊற்றுகிறார், ஊற்றுகிறார், ஊற்றிக்கொண்டே இருக்கிறார். தம்பி மனைவி போனில் கணக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, குடிகாரனே தேவலை. அவன் குடிக்கத்தான் செய்யறான். இது டீசல்ல குளிக்குது."

மூன்றாவது ஒரு சாம்பல் நிற வண்டி. பல் டாக்டர் ஓட்டியது, அதிகபட்சம் ஒரு சின்னப் படகை இழுத்திருக்கும் என்றார் புரோக்கர். பார்க்க லட்சணமாக இருந்தது. ரொட்டி வண்டியைவிடப் பெரிய இன்ஜின், கறுப்பனைவிடச் சின்ன வயிறு. இதுதான் நம்முடையது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஏற்றத்தில் நிற்காமல் ஏறியும் விட்டது. உச்சியில் வெப்ப முள் சிவப்பில் போய் நின்றது. முன்மூடியில் இருந்து புகை வந்தது. ஓரங்கட்டி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, நாங்கள் நான்கு பேரும் ரோட்டோரம் நின்றோம். புரோக்கர் பாவம், சத்தியம் செய்யக்கூட வாய் வராமல் நின்றார்.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் புரோக்கர் மேல் கோபம், பல் டாக்டர் மேல் கோபம், மேம்பாலத்தைக் கட்டினவர்கள் மேல் கோபம். தம்பி மட்டும் வண்டிக் கதவைத் திறந்து வைத்து, உள்விளிம்பில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த வண்டி எவ்வளவு எடை இழுக்கலாம்னு இதுல போட்டிருக்கு. நம்ம டிரெய்லர் எவ்வளவு இருக்கும்?"

"எல்லாம் சேர்த்து ஒரு டன் இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்போ இந்த வண்டி சிரிச்சிட்டே இழுக்கணுமே."

எல்லாரும் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தோம். அது ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல் நின்றது. இத்தனை வருடமாக வண்டியைத்தான் திட்டினோமே தவிர, டிரெய்லரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எடை போட்டுப் பார்த்துடுங்கக்கா," என்றார் புரோக்கர்.

மறுநாள் குடிகாரனை மாட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். பெரிய கடை. லாரிகளையே ஏற்றி நிறுத்தும் எடை மேடை வாசலிலேயே இருந்தது. டிரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் நிறுத்தினோம். கூண்டுக்குள் இருந்த கடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"வீடு காலி பண்றீங்களா?"

எண்ணைப் பார்த்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு. அதற்கு மேலும் கொஞ்சம்.

"உங்க மேடை சரியில்லை," என்றேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை. டிரெய்லரை இறக்கச் சொல்லிவிட்டு, தானே மேடையில் ஏறி நின்றார். அவர் எடை எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அதைக் காட்டியது. "நீங்களும் ஏறிப் பாருங்க, சந்தேகம் தீர்ந்துடும்," என்றார். எனக்குச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிட்டது. நான் ஏறவில்லை.

டிரெய்லர் கதவைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தோம். தம்பி மனைவி நிழலில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து பார்த்தாள். வேலைக்கு வேண்டிய சாமான்களை எல்லாம் எடுத்து ஒரு பக்கம் வைத்த பிறகும் உள்ளே பாதிக்கு மேல் இருந்தது. முதலில் வந்தவை சிமெண்ட் மூட்டைகள். எந்தக் காலத்திலோ நனைந்து, உறைந்து, காகிதம் உரிந்து, மூட்டை வடிவத்திலேயே பாறையாகிவிட்ட சிமெண்ட்.

"இதையெல்லாம் எதுக்குடா சேர்த்து வச்சிருக்கே?"

"நானா? நீதான் எதுக்கோ வேணும்னு வச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"கல்லாப்போன சிமெண்ட் எனக்கு எதுக்குடா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டே இருந்தேன்க்கா. கேட்டா திட்டுவேன்னு கேட்கலை."

அடுத்து ஒரு மோட்டார். யாரோ கொடுத்தது, ஓடாது. நான் அதைத் தம்பி என்றாவது பழுது பார்ப்பான் என்று வைத்திருந்தேன். தம்பி அதை நான் என்றாவது விற்பேன் என்று வைத்திருந்தான். துருப்பிடித்த தூண்கள் ஒரு கட்டு. வளைந்த கடப்பாரை. ஒரு பேருந்து ஜன்னல், கண்ணாடியோடு. அது எங்களுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. பிறகு ஒரு கால் உடைந்த இரும்பு நாற்காலி.

"இதையாவது வச்சுக்கலாம். நீ சாப்பிடும்போது உட்காருவியே," என்றேன்.

"நான் நின்னுட்டுதான்க்கா சாப்பிடுவேன். நீ உட்காருவேன்னு விட்டு வச்சேன்."

"நான் வண்டிக்குள்ள உட்கார்ந்து சாப்பிடறவடா."

தம்பி மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. என் முகத்தில் அசடு வழிந்தது. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற இரண்டு பேர், இது உன்னுடையதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளாமல், ஒருவர் மனசு நோகக்கூடாது என்று ஒருவர் ஒரு டன் குப்பையை ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறோம். டீசல் குடித்தது நாங்கள்தான். பெயர் குடிகாரனுக்கு.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. முன்சுவரில், கதவைத் திறந்தால் நேர் எதிரே தெரிகிற இடத்தில், பழைய போர்வை போர்த்திச் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கேட்.

தம்பி முதன்முதலாகச் செய்த கேட் அது. வேலியோடு கேட்டும் சேர்த்துப் போட்டுத் தருகிறோம் என்று ஆசையாக ஒப்புக்கொண்ட வேலை. கனமான கம்பி, நல்ல ஒட்டு. ஆனால் ஒரு மூலை கோணிவிட்டது. மாட்டிப் பார்த்தால் மூடவில்லை. இடத்துக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் கேட் வேலையே எடுக்கவில்லை. கேட் வேண்டும் என்கிறவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவோம்.

நான் கேட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். "ஒரு பக்கம் பிடிடா. பார்த்து, கீறிடப் போகுது."

தம்பி பிடிக்கவில்லை.

"கீறினா என்னக்கா? இன்னும் எத்தனை வருஷம் இதை எனக்குக் காட்டிட்டே இருப்பே?"

"காட்டறதா? என்னடா சொல்றே?"

"தினமும் கதவைத் தொறந்தா முதல்ல இதுதான் கண்ணுல படுது. நான் கோணல் பண்ணினதை நான் மறந்துடக் கூடாதுன்னுதானே இங்க நிறுத்தி வச்சிருக்கே? போர்வை எல்லாம் போத்தி, பத்திரமா."

கேட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

"மழையில துருப்பிடிச்சா நீ வருத்தப்படுவேன்னு போத்தினேன்டா. நீ முதல்ல செஞ்ச கேட். எடைக்குப் போட்டா உன் மனசு தாங்காதுன்னு வச்சிருந்தேன். அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லலையேடா நான்."

"அதான்க்கா. மண்வெட்டியை இடம் மாத்தி வச்சா திட்டுவே. தண்ணி பாட்டிலை மூடலைன்னா திட்டுவே. அன்னிக்கு மட்டும் நீ திட்டவே இல்லை. பேசாம தூக்கி டிரெய்லர்ல வச்சே. அவ்வளவு கோபம்னு நினைச்சேன்."

அன்று அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. நான் இவ்வளவு பாடுபட்டு அடக்கிய ஒரே ஒரு நாளை அவன் இப்படி எடுத்துக்கொண்டிருக்கிறான். அப்போதே நன்றாக நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் இந்தக் கேட் அன்றைக்கே எடைக்குப் போயிருக்கும்.

தம்பி மனைவி டயரை விட்டு எழுந்து வந்தாள்.

"குடோன் வேலையை நான் டீசலுக்காக மட்டும் கேட்கலை அண்ணி. அக்காவுக்கு என் வேலை மேல நம்பிக்கை இல்லைன்னு அடிக்கடி சொல்லுவார். உங்ககிட்ட வந்து நான் எப்படிச் சொல்ல? டீசலைச் சொன்னேன்."

"நம்பிக்கை இல்லையா? இவன் 'ம்' சொல்லாம நான் ஒரு குழியாவது மூடியிருக்கேனா?" என்றேன். "டேய், நீ கோணல்னு சொன்னா நான் கண்ணை மூடிட்டுத் தூணைப் பிடுங்கறவடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைக்காரர் கூண்டில் இருந்து தலையை நீட்டினார்.

"அந்தக் கேட் இரும்புக் கணக்குலயா, இல்லையா? சொல்லிட்டா எனக்கு வேலை முடியும்."

"இரும்புதான்," என்றான் தம்பி. போர்வையை உருவி என் கையில் கொடுத்தான். ஒற்றை ஆளாகக் கேட்டை இழுத்துக்கொண்டு போய்க் குவியல் மேல் தள்ளினான். விழுந்த சத்தம் கடை முழுவதும் கேட்டது. திரும்பி வரும்போது அவன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

வேலைச் சாமான்களை மட்டும் திரும்ப ஏற்றி, டிரெய்லரை மேடையில் நிறுத்தினோம். ஒரு டன்தான். நாங்கள் சொன்னது ஒன்றும் பொய் இல்லை, சொன்ன இடத்துக்கு வந்து சேரத்தான் நேரமாகிவிட்டது.

உடனே புரோக்கருக்குப் போன் போட்டு, ரொட்டி வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். "அதை இன்னும் யாரும் கேட்கலைக்கா, சத்தியமா," என்று சொல்லிவிட்டு, இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். வந்ததும் தம்பி கதவுத் தகட்டைப் படித்தான். "இழுக்கும்," என்றான். டேங்கை வாய்வரை நிரப்பி, டிரெய்லரை மாட்டினோம். நானும் தம்பியும் முன்னால். இரண்டே இருக்கை என்பதால் அவன் மனைவி குடிகாரனில் புரோக்கரோடு பின்னால் வந்தாள்.

அதே மேம்பாலம். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ரொட்டி வண்டி ஒருமுறை தும்மிவிட்டு, பாட்டுப் பாடாத குறையாக ஏறியது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டியபோது நான் கத்தியே விட்டேன். தம்பி சிரித்தான். உச்சியைத் தொட்டு இறக்கத்தில் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு குஷியான நாய் வாலை ஆட்டுவது போல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ரொட்டி வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது.

"பிரேக்கை அமுக்காதக்கா. காலை எடு. மெதுவா வரட்டும்," என்றான் தம்பி. அவன் குரலில் பதற்றமே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வேகம் குறைந்து, ஆட்டம் அடங்கி, பாலத்தின் அடியில் வந்து நின்றோம். இந்த வண்டியும் இல்லை, மாதமும் முடிந்தது, எல்லாம் போயிற்று என்று தோன்றியது.

தம்பி இறங்கி டிரெய்லர் கதவைத் திறந்தான். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கொக்கிப் பக்கம் வந்து குனிந்து பார்த்தான்.

"வண்டி மேல குத்தம் இல்லைக்கா. முன்பாரம் இல்லை. கலக்கற மெஷின் கதவோரமா பின்னால நிக்குது. முன்னாடி கனமா எதுவும் இல்லை. கொக்கியை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லாம பின்பக்கம் ஆடுது."

"இத்தனை நாள் ஆடலையே?"

"இத்தனை நாள் முன்னாடி என்ன இருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சிமெண்ட் பாறைகளும் அந்தக் கேட்டும்தான் எங்களை இத்தனை வருடம் நேராக ஓட்டியிருக்கின்றன. கலக்கும் இயந்திரத்தை முன்னால் தள்ளி வைக்கலாம், ஆனால் தினமும் அதைக் கதவு வழியாக இறக்கி ஏற்ற வேண்டும். முன்னால் வைத்தால் எங்கள் முதுகு உடையும். வேறு ஏதாவது கனம் வேண்டும், அளவாக.

ஊர்ந்து ஊர்ந்து மறுபடி இரும்புக் கடைக்கே போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"கனமா, தட்டையா ஒண்ணு வேணும்," என்றேன்.

தம்பி குவியலைச் சுற்றி வந்தான். தண்டவாளத் துண்டைத் தூக்கிப் பார்த்தான், வைத்தான். ஒரு இரும்புத் தகட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு கேட்டின் முன்னால் போய் நின்றான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோணல் மூலையைப் பார்த்தான்.

"இதையே எடுத்துக்கறோம்," என்றான்.

"டேய், வேண்டாம்டா. வேற எவ்வளவோ இருக்கு," என்றேன்.

"கனம் சரியா இருக்குக்கா. அகலமும் டிரெய்லருக்குள்ள சரியா உட்காரும். கேட்டா இருக்கத்தான் இதுக்கு வரலை. பாரமா இருக்க வரும்."

எங்களிடம் வாங்கிய கேட்டை எங்களிடமே கொஞ்சம் கூட வைத்து விற்றார் கடைக்காரர். "வாங்கற விலை வேற, விக்கிற விலை வேற," என்றார். புரோக்கர் அவரை மரியாதையோடு பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் நான் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று கேட்ட காசைக் கொடுத்துவிட்டேன்.

தம்பி கேட்டை நிமிர்த்தி வைக்கவில்லை. டிரெய்லரின் முன்பக்கத் தரையில் படுக்கப் போட்டு, நான்கு மூலையிலும் துளை போட்டு, தரையோடு சேர்த்துப் போல்ட் முடுக்கினான். அதன் மேலேயே ஏறி நின்று மிதித்துப் பார்த்தான். இனி கம்பிச் சுருள்கள் அதன் மேல்தான் உட்காரும், அது யார் கண்ணிலும் படாது.

அவன் மனைவி டிரெய்லர் வாசலில் நின்று கேட்டாள்.

"குடோன்ல இன்னிக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்ல?"

"நேரா ஓடுதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்," என்றான் கையைத் துடைத்துக்கொண்டே.

டீசலைப் பற்றி அவள் கேட்கவில்லை. பங்க்கில் நிறுத்தி அளந்து பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு குடிகாரனில் போய் ஏறினாள்.

ரொட்டி வண்டியோடு மூன்றாவது முறையாக அந்த மேம்பாலத்தில் ஏறினேன். உச்சி வந்தது. இறக்கம் தொடங்கியது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, வழக்கத்துக்கு விரோதமாக வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். தம்பி தன் பக்கத்து ஜன்னலை இறக்கினான். பக்கக் கண்ணாடியின் பக்கம் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் வரும் டிரெய்லரை இறக்கம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தான்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ம்," என்றான்.

நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

"என்னக்கா, ஏதாவது சத்தம் வருதா?"

"ஒண்ணும் இல்லைடா. ஓட்டிக்கிட்டே அழுதா ஆபத்து," என்று சொல்லிவிட்டு, இந்த முறை மறக்காமல் இன்ஜினை அணைத்தேன்.